நாளைக்கு மேட்ச் இருந்தா ஐஸ் வைங்க, இல்லன்னா அது ஃப்ரீசர்லயே கிடக்கட்டும்

கேள்வி: எனக்கு வயசு 31, ஆபீஸ்ல உக்காந்தே பாக்கற வேலை. ஏழெட்டு வருஷ கேப்புக்கு அப்புறம் ஜிம் சேர்ந்து ரெண்டு மாசம் ஆகுது. வாரத்துல நாலு நாள் வெயிட் தூக்கறேன், ஞாயித்துக்கிழமை ஃபுட்பால். கால் எக்சர்சைஸ் பண்ணுன மறுநாள் கூட ஓகே, அதுக்கடுத்த நாள் படி இறங்க முடியறதில்ல, தொடை கல்லு மாதிரி ஆயிடுது. அதனால தினமும் ஜிம்ல இருந்து வந்ததும் ரெண்டு தொடையிலயும் ஜெல் பேக் வச்சுகிட்டு டிவி பாத்துட்டே முக்கா மணி நேரம் உக்காருவேன். போன வாரம் தோல் திட்டு திட்டா செவந்துபோச்சு, தொட்டா எரியுது. ஜிம்ல ஒருத்தர் ஐஸ் பாத் எடு, லாக்டிக் ஆசிட் பூரா வெளிய போயிடும்ங்கறார். இன்னொருத்தர் ஐஸ் வச்சா மசிலே வளராதுங்கறார். யார் சொல்றது சரி? அப்புறம் எங்கப்பாவுக்கு சுகர் இருக்கு, வாக்கிங் போயிட்டு வந்து கெண்டைக்கால் வலிக்குதுன்னார், அதே பேக்கைத்தான் அவருக்கும் எடுத்துக் குடுத்தேன். தப்பில்லையே?

பதில்: கடைசி வரியில இருந்து ஆரம்பிக்கறேன். நீங்க அதைப் போற போக்குல எழுதிட்டீங்க, எனக்கு லெட்டர் பூரா அந்த ஒரு வரிதான் கண்ணுல குத்திட்டே இருந்துச்சு. அப்பாவுக்கு இனிமே அந்த பேக்கை வைக்காதீங்க. சுகர் பல வருஷமா இருக்கறவங்களுக்குக் கால் நரம்புல உணர்ச்சி கொஞ்சங்கொஞ்சமா கொறஞ்சுகிட்டே வரும், அது அவங்களுக்கே தெரியாது, செருப்பு கழண்டு விழுந்ததுகூடத் தெரியாம நடந்து உள்ள வந்தவங்கள என் பிசியோதெரபி ரூம்லயே பாத்திருக்கேன். உங்களுக்காவது எரிஞ்சுது, எடுத்துட்டீங்க. எரியறதே தெரியாதவருக்கு யாரு எடுத்து விடறது? போதாக்குறைக்கு ரத்த ஓட்டம் ஏற்கனவே கம்மியா இருக்கற காலுன்னா ஐஸ் வச்சதும் இருக்கற ஓட்டமும் சுருங்கும், தோல்ல புண்ணு கிண்ணு வந்துட்டா ஆர்றதுக்குள்ள உயிர் போயிடும். இன்னிக்கு சாயங்காலமே அவரை உக்கார வச்சு கெண்டைக்கால், உள்ளங்கால், விரலிடுக்கு எல்லாத்தையும் நல்ல லைட்ல ஒரு தடவ பாத்துருங்க.

அதோட அவருக்கு வலி எப்ப வருது எப்ப போகுதுன்னும் கேளுங்க. நடக்க நடக்க கெண்டைக்கால் இறுக்கிப் பிடிச்சு, நின்னா கொஞ்ச நிமிஷத்துல விட்டு, மறுபடி அதே மாதிரி தூரம் நடந்ததும் திரும்பப் பிடிக்குதுன்னா அது வெறும் சதை வலியா இருக்காது, காலுக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கிட்டு வர்றதோட அறிகுறியா இருக்கலாம், சுகர் இருக்கறவங்களுக்கும் சிகரெட் பிடிக்கறவங்களுக்கும் இது வர்ற வாய்ப்பு ஜாஸ்தி. டாக்டர்கிட்ட போனா கணுக்கால்லயும் கையிலயும் பிரஷர் எடுத்து ரெண்டையும் ஒப்பிட்டுப் பாப்பாங்க, ஊசி கூட கிடையாது, அவ்ளோதான் முதல் டெஸ்ட். அப்படி இல்லாம ஒரு கால் மட்டும் வீங்கி, சூடா, தொட்டா வலிக்கற மாதிரி இருந்தா நாள் பாக்காம அன்னிக்கே கூட்டிட்டுப் போங்க, உள்ள ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கலாம். ஐஸ் வைக்கற விஷயமே இல்ல அது.

சரி, இப்ப உங்க தொடைக்கு வரேன். அந்த செவப்புத் திட்டு ஐஸ் போட்ட சூடுதான், வேற ஒண்ணும் இல்ல. ஐஸ் கட்டியும் ஜெல் பேக்கும் ஒண்ணுதானேன்னு நிறைய பேர் நெனைக்கறாங்க, ஒண்ணு இல்ல. உருகிட்டு இருக்கற ஐஸ் கட்டி 0 டிகிரியில நிக்கும், அதுக்குக் கீழ போகாது, ஆனா ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி சுமாருக்கு இருக்கும், அதுக்குள்ள ராத்திரி பூரா கிடந்த ஜெல் பேக் வெளிய எடுக்கும்போது 0-க்கு ரொம்பக் கீழதான் இருக்கும், ஆனா ஜெல்லா இருக்கறதால கெட்டியாகாம சாஃப்டாவே இருக்கும், தொட்டா "அவ்ளோ ஒண்ணும் இல்லையே"ன்னு தோணும். அதை நேரா தோல் மேல வச்சு, முக்கா மணி நேரம், அதுவும் டிவி பாத்துகிட்டு! மொதல்ல சில்லுனு இருந்திருக்கும், அப்புறம் சுருக்சுருக்குனு எரிஞ்சிருக்கும், அப்புறம் ஒரு குடைச்சல், அப்புறம் மரத்துப்போயிருக்கும். மரத்துப்போனதும் "ஆஹா வேலை செய்யுது"ன்னு இருந்துடறோம், நிஜத்துல அதுதான் எடுத்து வைக்க வேண்டிய நேரம்.

திட்டு பழைய நெறத்துக்கு வர்ற வரைக்கும் அந்த எடத்துல ஐஸும் வேண்டாம், சுடுதண்ணியும் வேண்டாம், போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். கொப்புளம் வந்தாலோ, தோல் வெளிறி மெழுகு மாதிரி ஆனாலோ, மரத்தது ஒரு நாள் தாண்டியும் விடலைன்னாலோ தோல் டாக்டரைப் பாருங்க.

இதை ஏதோ மேல உக்காந்து அட்வைஸ் பண்றேன்னு நெனைக்காதீங்க. பிசியோதெரபி படிச்சு முடிச்ச புதுசுல, எல்லாம் தெரிஞ்ச மாதிரி திரிஞ்ச காலத்துல, நானே முழங்காலுக்கு வெளிப்பக்கம் ஜெல் பேக்கை வச்சு துணியால இறுக்கிக் கட்டிட்டு அப்படியே தூங்கிட்டேன். எந்திரிச்சு நடந்தா பாதத்தை மேல தூக்க முடியல, செருப்பு தரையில தேயுது. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ வெளிப்பக்கமா ஒரு எலும்பு முட்டு மாதிரி கைக்குத் தட்டுப்படும் பாருங்க, அந்த எடத்துல ஒரு நரம்பு தோலுக்கு அடியிலயே ஓடுது, மேல சதையோ கொழுப்போ மூடி இல்ல. குளிரும் சேர்ந்து, கட்டுன இறுக்கமும் சேர்ந்து அந்த நரம்பை அமுக்கிருச்சு. நாலஞ்சு நாள்ல சரியாப்போச்சு, ஆனா சில பேருக்கு மாசக்கணக்கா ஆகும். முழங்கையோட உள்பக்கமும் இதே கதைதான், இடிச்சா கரண்ட் அடிக்கற மாதிரி இருக்குமே அந்த எடம். அதனால எலும்பு முட்டிட்டு இருக்கற எடம் எதுலயும் ஐஸைக் கட்டி விட்டுட்டு இருக்காதீங்க.

லாக்டிக் ஆசிட் விஷயத்தை முடிச்சுடுவோம், இது சாகவே மாட்டேங்குது. நீங்க வேகமா ஓடும்போதோ வெயிட் தூக்கும்போதோ லாக்டேட், அதாவது எல்லாரும் லாக்டிக் ஆசிட்னு சொல்றது, ஏறுறது உண்மை, ஆனா நிறுத்துனதும் உடம்பே அதை எரிபொருளா எடுத்துக்கும், ஒரு மணி நேரம் சுமாருக்குள்ள ரத்தத்துல அது பழைய அளவுக்கு வந்துடும். உங்களுக்குப் படி இறங்க முடியாம போறது எப்ப? ரெண்டாவது நாள். அப்ப அங்க லாக்டிக் ஆசிட் எங்க இருக்கு வெளிய போறதுக்கு? ஜிம் ஃப்ரெண்டுகிட்ட இந்த ஒரு கேள்விய மட்டும் கேளுங்க.

ரெண்டாவது நாள் வர்ற அந்த வலிக்குக் காரணம் வேற. 1902-லயே தியோடர் ஹஃப்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதைப் பத்தி எழுதிட்டார், இது சதைக்குள்ளயே நுணுக்கமா கிழியறதால வர்ற மாதிரி இருக்குன்னு. பழக்கமில்லாத வேலைய, அதுலயும் சதை நீண்டுகிட்டே பாரத்தைத் தாங்கற மாதிரி வேலைய குடுக்கும்போது நார்களுக்குள்ள நுணுக்கமான சேதம் ஆகுது, அதுக்கு அப்புறம் உடம்பு அதை சுத்தம் பண்ணி சரிபண்ண ஆள் அனுப்புது, அந்த வேலை நடக்கும்போதுதான் நரம்பு நுனியெல்லாம் எரிச்சலாகி தொட்டாலே வலிக்குது. அதான் 24 மணி நேரத்துல இருந்து 72 மணி நேரத்துக்குள்ள உச்சத்துக்குப் போயி அப்புறம் தானா எறங்குது. மலை ஏறுனவங்களைக் கேளுங்க, ஏறுனப்ப மூச்சு வாங்குச்சும்பாங்க, ஆனா தொடை செத்தது எறங்குனதாலதான். ஸ்குவாட்ல உக்கார்ற மாதிரி கீழ போறதும், லஞ்ஜ்ல ஒரு காலை முன்னாடி வச்சு இறங்கறதும் அதே வேலைதான்.

இந்த எடத்துலதான் ஐஸ் பஞ்சாயத்தே ஆரம்பிக்குது. ஐஸ் என்ன பண்ணுது? நரம்பு வழியா சேதி போற வேகத்தைக் கொறைக்குது, அதனால வலி கொறையுது. தோலுக்குப் பக்கத்துல இருக்கற ரத்தக்குழாயை சுருக்குது. இது ரெண்டும் சந்தேகமே இல்லாத விஷயம். ஆனா வலி கொறையறது வேற, சதை ஆர்றது வேற, நாம ரெண்டையும் ஒரே மூட்டையா கட்டி வச்சிருக்கோம், அதான் உங்க ரெண்டு ஃப்ரெண்டும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கறாங்க.

அந்த மூட்டைய கட்டுனதுல எங்க ஆளுங்களுக்கும் பங்கு இருக்கு. 1978-ல கேப் மிர்கின்னு ஒரு அமெரிக்க டாக்டர் அடிபட்டா ரெஸ்ட், ஐஸ், இறுக்கிக் கட்டு, தூக்கி வைன்னு நாலோட இங்கிலீஷ் மொத எழுத்தையும் சேர்த்து "ரைஸ்"னு ஒரு பேர் வச்சார், சொல்றதுக்கு சுலபமா இருந்துச்சா, உலகம் பூரா ஒட்டிகிச்சு. நாங்க படிச்சப்ப பரீட்சைல இதை எழுதுனா மார்க்கு, எழுதலைன்னா கட். பல வருஷம் கழிச்சு அதே மிர்கினே ஐஸும் முழு ரெஸ்டும் ஆர்றதை உதவறதுக்குப் பதிலா தாமதப்படுத்தலாம்னு வெளிப்படையா எழுதுனார். அந்த மனுஷனை எனக்குப் பிடிக்கும், தான் வச்ச பேரை தானே திருத்தறதுக்கு ஒரு தைரியம் வேணும். பேரு மட்டும் இன்னும் சுவத்துல சார்ட்டா தொங்கிட்டு இருக்கு.

இப்ப உங்க ரெண்டாவது ஃப்ரெண்டு, மசில் வளராதுன்னு சொன்னவர். அவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்றார், ஆனா ஆதாரம் இருக்கு. 2015-ல ஆஸ்திரேலியாவுல பண்ணுன ஒரு ஆராய்ச்சி, 21 ஆம்பளைங்க, 12 வாரம், வாரத்துக்கு ரெண்டு நாள் கால் எக்சர்சைஸ். ஒரு குரூப்பை முடிச்ச ஒவ்வொரு தடவையும் 10 டிகிரி தண்ணியில 10 நிமிஷம் உக்கார வச்சாங்க, இன்னொரு குரூப் மெதுவா சைக்கிள் மிதிச்சுட்டு வீட்டுக்குப் போனாங்க. முடிவுல பாத்தா சைக்கிள் மிதிச்சவங்களுக்குத்தான் சதையும் பலமும் கூடுதலா ஏறியிருந்துச்சு. 2020-ல நெதர்லாந்துல இன்னும் வேடிக்கையா ஒண்ணு பண்ணுனாங்க, வெயிட் ட்ரெயினிங் முடிச்சவங்களோட ஒரு காலை 8 டிகிரி தண்ணியிலயும் இன்னொரு காலை 30 டிகிரி தண்ணியிலயும் 20 நிமிஷம் வச்சாங்க, ஒரே ஆளு, ஒரே சாப்பாடு, ஒரே தூக்கம், கால் மட்டும் வேற வேற. குளிர்ல இருந்த கால்ல புது புரோட்டீன் கட்டறது கொறைவா இருந்துச்சு. அதாவது எக்சர்சைஸ் முடிஞ்சதும் சதைக்குள்ள கொத்தனாரு வந்து நிக்கறாரு, செங்கல்லும் வந்துட்டு இருக்கு, நீங்க அந்த நேரம் பாத்து வீட்டுக் கதவை சாத்தறீங்க. முழுசா சாத்தல, பாதி சாத்தறீங்க. ஒரு நாள் சாத்துனா ஒண்ணும் ஆகாது, வாரத்துல நாலு நாள் மாசக்கணக்கா சாத்துனா நீங்க படற பாட்டுக்கு முழுக் கூலி வராது.

ஆனா ஒண்ணு, இந்த ஆராய்ச்சியெல்லாம் ஐஸ் தண்ணியில உக்காந்தவங்களை வச்சு, உங்களை மாதிரி பேக் வச்சவங்களை வச்சு இல்ல. பேக்கோட கதை இன்னும் பரிதாபம். தொடையில தோலுக்கும் சதைக்கும் நடுவுல கொழுப்பு இருக்கு, அது சுத்திக் கட்டுன கம்பளி மாதிரி. 2002-ல வந்த ஒரு ஆராய்ச்சியில கிள்ளிப் பாத்தா 10 மில்லிமீட்டருக்குள்ள மடிப்பு வர்றவங்களுக்கு உள்சதை 7 டிகிரி கொறைய சுமார் 8 நிமிஷம் ஆச்சு, 31 முதல் 40 மில்லிமீட்டர் மடிப்பு இருக்கறவங்களுக்கு அதே 7 டிகிரிக்கு ஒரு மணி நேரம் கிட்ட ஆச்சு. உக்காந்தே வேலை பாக்கற 31 வயசு ஆளோட தொடை எப்படி இருக்கும்னு நான் சொல்ல வேண்டாம், கோச்சுக்காதீங்க. அதனால இத்தனை நாளா நீங்க குளிர வச்சது பெரும்பாலும் உங்க தோலைத்தான், சதைய இல்ல. தோல் வெந்ததுதான் மிச்சம்.

அப்ப ஐஸ் பாத் சொன்ன முதல் ஃப்ரெண்டு முழுத் தப்பான்னா, அதுவும் இல்ல. காரணம்தான் தப்பா சொல்றார். 2012-ல காக்ரேன்ங்கற அமைப்பு 17 சின்னச் சின்ன ஆராய்ச்சிகளை, மொத்தம் 366 பேரை, ஒண்ணா போட்டுப் பாத்துச்சு. சும்மா ரெஸ்ட் எடுத்தவங்களை விட குளிர்ந்த தண்ணியில உக்காந்தவங்களுக்கு அடுத்த ஒண்ணுல இருந்து நாலு நாள் வரைக்கும் வலி கம்மியா இருந்துச்சு. இது உண்மையான லாபம்தான், பத்து மார்க்குக்கு ஒண்ணு ரெண்டு மார்க் சைஸ்ல ஒரு லாபம்னு வச்சுக்கோங்க. தண்ணிக்குள்ள உக்காரும்போது தண்ணியோட அழுத்தமும் கால்ல வீக்கம் தேங்காம கொஞ்சம் உதவுது. ஆனா 2014-ல ஒரு குறும்பான ஆராய்ச்சி வந்துச்சு, ஒரு குரூப்பை 10 டிகிரி தண்ணியிலயும், இன்னொரு குரூப்பை சாதாரண வெதுவெதுப்பான தண்ணியில ஏதோ ஒரு சோப்பு மாதிரி திரவத்தை ஊத்தி "இது ரெக்கவரிக்குன்னே இருக்கற ஸ்பெஷல் ஆயில்"னு அளந்துவிட்டும் உக்கார வச்சாங்க. கால் பலம் திரும்பறதுல ஐஸ் தண்ணிக்காரங்களுக்கும் இவங்களுக்கும் வித்தியாசமே இல்ல! நம்பிக்கையும் ஒரு மருந்துதான், அதை நான் கேலி பண்ணல, ஆடப்போற ஆளுக்கு "நான் ஃப்ரெஷ்ஷா இருக்கேன்"ங்கற நெனப்பே பாதி பலம்.

எனக்குன்னு ஒரு முடிவு இருக்கு, அதை சொல்லிடறேன். என்கிட்ட யார் வந்து ஐஸ் வைக்கலாமான்னு கேட்டாலும் நான் திருப்பி "நாளைக்கு உங்களுக்கு என்ன இருக்கு"ன்னுதான் கேப்பேன். நாளைக்கு செமிஃபைனல், நாளன்னிக்கு ஃபைனல், இல்ல ஒரே நாள்ல ரெண்டு மேட்ச், அப்படின்னா தாராளமா ஐஸ் தண்ணியில உக்காருங்க, அப்ப உங்களுக்கு வேண்டியது புது சதை இல்ல, நாளைக்கு ஓடற காலு. நாளைக்கு ஆபீஸ்தான், நாற்காலியிலதான் உக்காரப்போறீங்க, ஜிம் போறதே சதை ஏத்தறதுக்குத்தான்னா எதுக்கு அந்த வேலைய பாதியில நிறுத்தறீங்க? வலிக்கட்டும் விடுங்க, ரெண்டு நாள். தூரம் ஓடறவங்க, சைக்கிள் ஓட்டறவங்க கதை கொஞ்சம் வேற, அவங்களோட தம் ஏறுறதை ஐஸ் பெருசா கெடுக்கற மாதிரி இதுவரைக்கும் ஆராய்ச்சியில தெரியல, அதனால ஓட்டக்காரங்க ஐஸ் பாத் எடுக்கறாங்களேன்னு அவங்களைப் பாத்து வெயிட் தூக்கறவங்க காப்பி அடிக்க வேண்டாம்.

உங்க கணக்குல போட்டா, நாலு ஜிம் நாளும் ஐஸ் கிடையாது. ஞாயித்துக்கிழமை ஃபுட்பால் முடிஞ்சு, வேணும்னா, மறுநாள் வேலைக்கு நொண்டாம போகணும்னா, ஒரு தடவ. அவ்ளோதான்.

அப்படி எடுக்கறதா இருந்தா எப்படின்னும் சொல்லிடறேன், ஏன்னா தண்ணி எவ்ளோ சில்லுனு இருக்கோ அவ்ளோ நல்லதுன்னு ஒரு வீம்பு ஓடிட்டு இருக்கு. 11-ல இருந்து 15 டிகிரி, 11-ல இருந்து 15 நிமிஷம், இதுக்குள்ளதான் வலி கொறையறது நல்லா இருக்கறதா ஆராய்ச்சிகளைத் தொகுத்தவங்க சொல்றாங்க. ஐஸ் கட்டி மெதக்கணும்னு அவசியமே இல்ல, ஒரு தெர்மாமீட்டர் போட்டுப் பாருங்க, கைய விட்டு அளக்காதீங்க. இடுப்பு வரைக்கும் போதும், கழுத்து வரைக்கும் முங்க வேண்டாம். மெதுவா எறங்குங்க, திடீர்னு எறங்குனா முதல் ஒண்ணு ரெண்டு நிமிஷம் மூச்சு தானா திக்குனு இழுக்கும், இதயத் துடிப்பும் பிரஷரும் சட்டுனு ஏறும். ஹார்ட் பிரச்சனை, கட்டுக்குள்ள வராத பிரஷர், குளிர்ல விரல் வெள்ளையா நீலமா மாறறவங்க, குளிர் பட்டா தடிப்பு தடிப்பா வர்றவங்க, இவங்க யாரும் டாக்டரைக் கேக்காம எறங்கவே கூடாது. தனியா வீட்டுல யாரும் இல்லாதப்பவும் வேண்டாம். ஆட்டத்துக்கு முன்னாடி ஐஸ் வேண்டவே வேண்டாம், மரத்துப்போன காலுக்கு வேகமும் கம்மி, தரையில எங்க வைக்கறோம்ங்கற நிதானமும் கம்மி, அந்த நேரத்துலதான் கணுக்கால் மடங்கும்.

பேக் வைக்கணும்னா, அது கணுக்கால் மடங்குன மாதிரி, எங்கயாச்சும் இடிபட்ட மாதிரி புது அடிக்கு, முதல் ஒண்ணு ரெண்டு நாள் வலி தாங்கலைன்னா மட்டும். ஐஸ் கட்டிய ஒரு பையில போட்டு கொஞ்சம் தண்ணியும் ஊத்தி, ஈரத்துணியில சுத்தி, 10 நிமிஷம் வச்சு எடுத்துடுங்க, வேணும்னா ஒரு மணி ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி. ஃபோன்ல அலாரம் வச்சுட்டு உக்காருங்க. வச்சுட்டு தூங்குனா என்ன ஆகும்னு மேல சொன்னேன்.

ஒரு எடத்துல மட்டும் ஐஸ் தண்ணிய எடுக்க நான் ஒரு நிமிஷம்கூடத் தயங்க மாட்டேன். கடும் வெயில்ல ஓடிட்டோ ஆடிட்டோ இருக்கும்போது ஒருத்தர் தடுமாறி, உளற ஆரம்பிச்சு, சம்பந்தமில்லாம கோவப்பட்டு, மயங்கி விழுந்தா, உடம்பு நெருப்பா கொதிச்சா, அது ஹீட் ஸ்ட்ரோக். உள் உடம்பு சூடு 40 டிகிரிய தாண்டியிருக்கும். ஆம்புலன்ஸுக்கு ஃபோன் போட சொல்லிட்டு அது வர்ற வரைக்கும் காத்துட்டு நிக்காம, இருக்கற பெரிய தொட்டியில ஐஸ் தண்ணி நிரப்பி கழுத்து வரைக்கும் உள்ள எறக்கி, தலை முங்காம ஒருத்தர் பிடிச்சுக்கணும். தொட்டி இல்லன்னா ஐஸ் தண்ணியில நனைச்ச துணிய உடம்பு பூரா மாத்தி மாத்திப் போடணும், தண்ணிய ஊத்திட்டே இருக்கணும். அரை மணி நேரத்துக்குள்ள சூட்டைக் கொறைச்சா பொழைக்கற வாய்ப்பு ரொம்ப அதிகம். முதல்ல குளிர வை, அப்புறம் கொண்டு போ, இதுதான் விளையாட்டு மருத்துவத்துல விதி. ஞாயித்துக்கிழமை ஃபுட்பால் குரூப்புல எல்லாருக்கும் இதை சொல்லி வைங்க, சதை வலிக்கு ஐஸ் தூக்கிட்டு வர்றவங்க இதுக்கு தூக்கிட்டு வர்றதில்ல.

இவ்ளோ பேசிட்டு உங்க லெட்டர்ல எனக்கு உறுத்துன இன்னொரு விஷயத்தை சொல்லாம விட முடியாது. ரெண்டு மாசம் ஆச்சுங்கறீங்க, இன்னமும் ஒவ்வொரு வாரமும் படி இறங்க முடியலைங்கறீங்க. அது கணக்கு ஒதைக்குதே. ஒரே எக்சர்சைஸை ரெண்டு மூணு தடவ பண்ணுனாலே சதை பழகிக்கும், அடுத்த தடவ அதே பாரத்துக்கு அதே வலி வராது, இது உடம்போட இயல்பு, ஒரு தடவ பழகுனா வாரக்கணக்கா நிக்கும். உங்களுக்கு அது நடக்கலைன்னா ஒண்ணு நீங்க வாரா வாரம் புதுப்புது எக்சர்சைஸா மாத்திட்டு இருக்கீங்க, இல்ல ஒரே நாள்ல அளவுக்கு மேல செட் போடறீங்க, இல்ல கல்லூரியில தூக்குன வெயிட்டை இப்பவும் தூக்கப் பாக்கறீங்க. மூணாவதா இருக்கும்னுதான் என் சந்தேகம், ஏழெட்டு வருஷம் கழிச்சு வர்றவங்க முக்காவாசி பேர் அப்படித்தான், மனசுக்கு பழைய வெயிட் ஞாபகம் இருக்கு, தொடைக்கு இல்ல. கால் நாள் செட்டை பாதியாக்குங்க, மூணு வாரம் அதே எக்சர்சைஸையே வச்சுக்கோங்க, அப்புறம் கொஞ்சங்கொஞ்சமா ஏத்துங்க. வலிச்சாதான் வளருதுன்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, வலி பழகாததுக்கு அடையாளம், வளர்ச்சிக்கு இல்ல.

வலிக்கற நாள்ல முழுசா படுத்துடாம மெதுவா நடங்க, சைக்கிள் மிதிங்க, சூடு ஏறுனதும் அந்த நேரத்துக்கு இறுக்கம் விடும். தூக்கத்தைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை எழுதல, டிவி பத்தி மட்டும் எழுதியிருக்கீங்க, அதுவே பாதி பதில்! புரோட்டீன் உடம்பு எடை கிலோவுக்கு 1.6 கிராம் சுமாருக்கு ஒரு நாளைக்குப் போனா வெயிட் தூக்கறவங்களுக்கு தாராளம், அதுக்கு மேல கொட்டி பெருசா லாபம் இல்ல, கிட்னி பிரச்சனை இருக்கறவங்க மட்டும் கேட்டுட்டு ஏத்துங்க. ஐஸை நிறுத்துனதும் வலி மாத்திரைக்குத் தாவிடாதீங்க, இப்யூப்ரோஃபென் தினமும் 1200 மில்லிகிராம்னு 8 வாரம் சாப்பிட்ட இளவட்டங்களுக்கு சதை வளர்ச்சி கொறஞ்சதா 2017-ல ஸ்வீடன்ல இருந்து ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, தண்ணி குடிக்காம வேர்த்து ஊத்துன உடம்புல அது கிட்னிக்கும் நல்லதில்ல.

கடைசியா ஒரு எச்சரிக்கை, இதுக்கு ஐஸும் வேண்டாம், ரெஸ்டும் வேண்டாம், நேரா ஆஸ்பத்திரி. ரொம்ப நாள் கழிச்சு வெறித்தனமா எக்சர்சைஸ் பண்ணுன ஒண்ணு ரெண்டு நாள்ல தொடை தாங்க முடியாம வலிச்சு, வீங்கி, கால்ல பலமே இல்லாம போயி, யூரின் கருப்பு டீ கலர்ல, கோலா கலர்ல போச்சுன்னா, சதை உடைஞ்சு அதோட சரக்கு ரத்தத்துல கலந்து கிட்னிய அடைக்குதுன்னு அர்த்தம். அன்னிக்கே போகணும். அதே மாதிரி ஒரே புள்ளியில குத்தற வலி, எலும்பு மேல தொட்டா உயிர் போற வலி, ஏழு நாள் தாண்டியும் கொறையாத வலி, இதெல்லாம் நாம பேசிட்டு இருக்கற வலி இல்ல, காட்டிடுங்க.

சுடுதண்ணி ஒத்தடம் பத்தி நீங்க கேக்கல, ஆனா அடுத்த லெட்டர்ல அதான் வரும்னு தெரியும். இறுகிப்போன தொடைக்கு ரெண்டாவது நாள் வெதுவெதுன்னு ஒத்தடம் இதமா இருக்கும், கொடுத்துக்கோங்க, அந்த செவப்புத் திட்டு ஆறுனதுக்கு அப்புறம். அப்பாவுக்கு அதுவும் கூடாது, ஐஸ் தெரியாத காலுக்கு சூடும் தெரியாது. அவரோட கால் பிரஷர் டெஸ்ட் என்ன வந்துச்சுன்னு எழுதுங்க.